நாலு பெட்டி

முருகன்குறிச்சி முக்கில், மருந்துக்கடை மாடியில்,
என் கம்ப்யூட்டர் அச்சுக்கடைக்கு
எட்வின் தங்கராசு கொண்டுவந்தான்
தங்கை கல்யாணக் கார்டு.
தமிழில் ஒரு பக்கம். எதிர்ப்பக்கம்
மாப்பிள்ளை வீட்டார் மொழியில், அம்ஹாரிக்கில்.
தோஹா ஆஸ்பத்திரியில் இருவருக்கும் ராத்திரி டியூட்டி,
அப்படிப் பழக்கம்.
அதற்குமேல் நான் கேட்கவில்லை.

வாட்ஸப்பில் வந்ததை எடுத்து ஒட்டினேன்.
மாப்பிள்ளை பேர் இருக்கவேண்டிய இடத்தில்

□□□□

கூட வந்த சாலமோன் மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டுக் குனிந்தார்:
‘மாப்பிள்ளை வீட்டுலேருந்து நாலு பெட்டி வந்திருக்கு.
உள்ள என்ன இருக்குவே?’

எட்வின் சிரிக்கவில்லை.
‘போட்டோவா அனுப்பச் சொல்லட்டா, படமா ஒட்டிருதியளா?’
ஒட்டலாம். பத்து நிமிஷ வேலை.

ஆனால் பெட்டியைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது.
தொண்ணூற்றெட்டில் தொழிலுக்கு வந்தவன் நான்.
அன்றைக்குத் தமிழ் என்பது
இங்கிலீஷ் எழுத்துக்கு மாட்டிவிட்ட முகமூடி.
ஃபான்ட் இல்லாத மெஷினில் திறந்தால்
ஞானஸ்நான அழைப்பு
பூனை கீபோர்டில் நடந்ததுபோல் கிடக்கும்.
அங்கே எண்ணே பொய்.
இங்கே ஒவ்வொரு பெட்டியாய் நிறுத்தி விசாரித்தேன்,
தயங்காமல் சொன்னது:

ஒண்ணு ரெண்டு ஏழு பூஜ்யம்.
ஒண்ணு ரெண்டு மூணு அஞ்சு.
ஒண்ணு மூணு நாலு பி.
ஒண்ணு ரெண்டு ஈ சி.

காலிப் பெட்டி இல்லை. ஆள் உள்ளேதான்,
முகம் மட்டும் வந்து சேரவில்லை.

அட்டவணையைத் திறந்தேன். அவர்கள் எழுத்துகள்
வரிசைக்கு எட்டு நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தன.
ஒரு மெய்க்கு ஏழு உயிர், ஏழு பேர்.
எட்டாவதில் சில வரிசையில்
உதடு குவித்துச் சொல்கிற ஒருவர்,
சில வரிசையில் யாருமில்லை.
அங்கே ‘தெ’வுக்குத் தனி எண், ‘தா’வுக்குத் தனி எண்.

நமக்கு?
இருநூற்று நாற்பத்தேழு என்று பள்ளியில் அடித்துச் சொன்னார்கள்.
மெஷினில் உயிர்மெய்க்குச் சொந்த வீடு கிடையாது.
மெய்க்கு ஒரு கதவெண், கொம்புக்கு ஒன்று,
புள்ளிக்குக்கூடத் தனிப் பட்டா.
அந்தக் கொம்பும், கணக்கில் மெய்க்குப் பின்னால் வந்துவிட்டுத்
திரையில் முண்டியடித்து முன்னே போய் நிற்கும்.

தெஸ்ஃபாயே. தமிழில் அடித்து எண்ணினேன்.
ஒன்பது. அவர் வீட்டில் நாலே நாலு.
ஹெப்சிபா நம் கணக்கில் எட்டு,
அவர் எழுத்தில் போட்டால் இவளும் நாலு.
பொருத்தம் பார்க்காத சபைதான்,
இருந்தாலும் எட்வினிடம் சொன்னேன்.
இப்போது சிரித்தான்.

ஃபான்ட் இறங்க ஒரு டீ ஆயிற்று.
நடுவில் ஒரு தடவை கரண்டு போய் வந்தது.
பிறகு நாலும் ஒருமிக்கத் திறந்தன:

ተስፋዬ

முதலாவது சிலுவை மாதிரி. மாமாவுக்கு அதுவே போதும்.
கடைசியின் காலில் குட்டியாய் ஒரு வளையம்.
‘மிஞ்சி போட்ட எழுத்துவே,’ என்றார்.
அந்த மிஞ்சிதான் அவர்களுக்கு ஏகாரமாம்.

எனக்கு ஓர் எழுத்தும் வாசிக்கத் தெரியாது.
எண்ணை வைத்தே மெய்ப்புத் திருத்தினேன்.
வார்த்தைக்கு வார்த்தை நடுவே இரட்டைப் புள்ளி;
முக்காற்புள்ளி, யாரோ தெரியாமல் தட்டியது என்று
முதலில் எல்லாவற்றையும் அழித்துவிட்டேன்.
அதுதான் அவர்களுடைய இடைவெளி.
ஒவ்வொன்றாய்த் திரும்ப வைத்தேன், இருபத்தாறு.

சாயங்காலம் தோஹாவிலிருந்து குரல்பதிவு வந்தது.
மாப்பிள்ளையின் அம்மா கார்டை வாசிக்கிறார்.
ஒண்ணு ரெண்டு ஏழு பூஜ்யம் என்று நான் வைத்திருந்ததை
மூச்சோடு ‘தெ’ என்றார்.
இரண்டாம் தடவை போட்டுக் கேட்டேன்.

மாமா ரேட்டு கேட்டார்,
எழுத்துக்கு இவ்வளவா, பெட்டிக்கு இவ்வளவா என்று.
பக்கத்துக்குத்தான் என்றேன்.
எண்ணுக்கு வாங்கினால்
தமிழ்ப் பக்கம் உங்களுக்குக் கட்டுப்படியாகாது.